கரை கடந்த குரல் – 14: தாய்நாட்டைச் சொல்லும் மூன்று இலக்கங்கள்

சென்ற இதழில் கொமியூனிகேஷன் கடைகளின் காலத்தைப் பார்த்தோம். தொண்ணூறுகளில் மட்டக்களப்பு நகரிலும் காத்தான்குடியிலும் களுவாஞ்சிகுடியிலும் அந்தக் கடைகளின் வாங்குகளில் மணிக்கணக்காகக் காத்திருந்தவர்களுக்குத் தொலைபேசி என்பது ஓர் இடம். கடையின் எண் 065 என்று தொடங்கும். அந்த எண்ணுக்குப் பின்னால் மட்டக்களப்பு இணைப்பகத்திலிருந்து கடைச் சுவர் வரைக்கும் ஒரு செப்புக் கம்பி ஓடியது. சுவிஸிலிருந்தோ சவூதியிலிருந்தோ ஒருவர் 94 ஐயும் 65 ஐயும் சேர்த்து அழுத்தினால், அழைப்பு அந்தக் கம்பியின் நுனியில்தான் வந்து மணியடிக்கும். எந்த நாடு, எந்த ஊர் என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. கம்பி முடிகிற இடம்தான் ஊர்.

கைத்தொலைபேசி வந்தபோது அந்த உறுதி போய்விட்டது. காலையில் தோஹாவில் விமானம் ஏறியவர் இரவுக்குள் காத்தான்குடி வந்து சேர்கிறார். சட்டைப்பைக்குள் இருக்கும் போனில் கட்டார் சிம். மட்டக்களப்பு வாவிக்கரை டவர் அந்தச் சிம்மை முன்பின் கண்டதில்லை. ஆனாலும் சில விநாடிகளுக்குள் அது எந்த நாட்டுச் சந்தாதாரருடையது, யாரிடம் விசாரிக்க வேண்டும், பணத்தை யாரிடம் கேட்க வேண்டும் என்பதெல்லாம் வலையமைப்புக்குத் தெரிந்துவிடுகிறது. இது எப்படி நடக்கிறது, இந்த ஏற்பாடு எப்போது பிறந்தது என்பதுதான் இந்த இதழின் கதை. வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை மக்கள் கேட்டே ஆகவேண்டிய ஒரு கேள்வியிலும் அது நம்மைக் கொண்டுபோய் விடும்.

கம்பி போன பிறகு

இலங்கையில் முதல் கைத்தொலைபேசிச் சேவையை 1989 இல் செல்டெல் தொடங்கியது. தெற்காசியாவிலேயே அதுதான் முதலாவது. 1993 இல் மொபிடெல் வந்தது. 1995 இல் டயலொக் வந்தபோதுதான் ஜி.எஸ்.எம். என்னும் டிஜிட்டல் முறையும் அதனோடு சிம் அட்டையும் நாட்டுக்குள் வந்தன.

அந்தச் சிறிய அட்டை ஒரு பெரிய மாற்றத்தைச் செய்தது. அதற்கு முந்திய அனலொக் போன்களில் சந்தாதாரரின் அடையாளம் கருவிக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது. கருவி ஒரு நிறுவனத்தின் முறைக்கென்று கட்டப்பட்டது. வேறொரு நாட்டில் அது பெரும்பாலும் வெறும் பாரம். சிம் வந்ததும் ஆளின் அடையாளம் கருவியிலிருந்து பிரிந்து அட்டைக்குள் போனது. எந்தக் கருவியில் செருகினாலும் அட்டை ஒரே பதிலைத்தான் சொல்லும்.

நாட்டெல்லை தாண்டியும் ஒரே போனில் பேச வேண்டும் என்ற எண்ணம் அதற்கும் முன்பே வட ஐரோப்பாவில் தோன்றியிருந்தது. சுவீடன், நோர்வே, டென்மார்க், பின்லாந்து ஆகிய நான்கு நாடுகளும் 1981 இலும் அதற்கடுத்த ஆண்டிலும் என்.எம்.டி. என்ற பொது முறையை நிறுவி, ஒரு நாட்டுப் போன் அடுத்த நாட்டில் தானாகவே வேலை செய்ய வழி செய்தன. 1987 செப்டம்பர் 7 இல் 13 ஐரோப்பிய நாடுகளைச் சேர்ந்த நிறுவனங்கள் கோபன்ஹேகனில் ஜி.எஸ்.எம். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 1991 ஜூலை 1 இல் பின்லாந்தில் முதல் ஜி.எஸ்.எம். அழைப்பு எடுக்கப்பட்டது. 1992 இல் பின்லாந்தின் டெலிகொம் நிறுவனமும் பிரித்தானியாவின் வோடபோனும் முதல் ரோமிங் உடன்படிக்கையைச் செய்துகொண்டன.

நான்கு அயல் நாடுகளுக்குள் சுற்றும்போது ஒருவரையொருவர் அறிந்துகொள்வது பெரிய வேலை இல்லை. உலகம் முழுவதும் சுற்ற வேண்டுமென்றால் எல்லா நாடுகளும் ஒப்புக்கொண்ட ஓர் எண்முறை வேண்டும். அந்த வேலையைச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் செய்தது. 1988 இல் அது வெளியிட்ட பரிந்துரைகளில் இ.212 என்பதும் ஒன்று. இன்று உலகில் உள்ள ஒவ்வொரு சிம்மும் அந்தப் பரிந்துரைக்குக் கட்டுப்பட்டே தன்னை அடையாளம் சொல்கிறது.

413 க்குள் என்ன இருக்கிறது

ஒவ்வொரு சிம்முக்குள்ளும் சந்தாதாரருக்குத் தெரியாத ஓர் எண் எழுதப்பட்டிருக்கிறது. பொறியியலாளர்கள் அதை ஐ.எம்.எஸ்.ஐ. என்பார்கள். அதிகபட்சம் 15 இலக்கங்கள். முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைச் சொல்லும். அடுத்த இரண்டு, சில நாடுகளில் மூன்று, அந்த நாட்டில் எந்த நிறுவனம் என்று சொல்லும். மீதி இலக்கங்கள் அந்த நிறுவனத்துக்குள் எந்தச் சந்தாதாரர் என்பதைச் சொல்லும்.

இலங்கைக்குக் கிடைத்த மூன்று இலக்கங்கள் 413. அதற்குப் பின்னால் 01 வந்தால் மொபிடெல், 02 வந்தால் டயலொக், 08 வந்தால் ஹட்ச். செல்டெல்லுக்குரிய 03 பிறகு டிகோ, எடிசலாட் என்று பெயர் மாறி, 2018 இல் ஹட்ச்சோடு இணைந்தது. 05 எயார்டெல்லுக்கு உரியது. எயார்டெல் லங்கா 2024 இல் டயலொக்கோடு இணைந்தது. பெயர்ப்பலகைகள் மாறியபோதும் இந்த எண்கள் அப்படியே நின்றன. போனின் அமைப்புக்குள் போய், வலையமைப்பைத் தானாகத் தெரிவதை நிறுத்திவிட்டுத் தேடச் சொன்னால் சில பழைய கருவிகள் நிறுவனத்தின் பெயருக்குப் பதிலாக ‘413 08’ என்று வெறும் எண்ணையே காட்டும். பெயர் தெரியாத கருவிக்கும் எண் தெரியும்.

இந்த எண்கள் உலகப் படத்தை வலயம் வலயமாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டவை. 2 இல் தொடங்குவது ஐரோப்பா. 3 வட அமெரிக்காவும் கரீபியனும். 4 ஆசியாவும் மத்திய கிழக்கும். 5 தென்கிழக்காசியாவும் அவுஸ்திரேலியாவும். 6 ஆபிரிக்கா. 7 மத்திய, தென் அமெரிக்கா. ஆகவே வாவிக்கரை ஊர்களிலிருந்து பிழைப்புத் தேடிப் போனவர்களின் வளைகுடா நாடுகள் எண்வரிசையிலும் நமக்குப் பக்கத்திலேயே நிற்கின்றன: குவைத் 419, சவூதி 420, ஐக்கிய அரபு இராச்சியம் 424, கட்டார் 427. போருக்குத் தப்பி உறவுகள் போய்ச் சேர்ந்த நாடுகள் வேறு வலயங்களில் இருக்கின்றன: பிரான்ஸ் 208, சுவிற்சர்லாந்து 228, பிரித்தானியா 234, ஜேர்மனி 262, கனடா 302, அவுஸ்திரேலியா 505. மட்டக்களப்பில் ஒரு கலியாண வீட்டுக்கோ கோயில் திருவிழாவுக்கோ கூடுகிறவர்களின் போன்களை மட்டும் பார்த்தாலே இவற்றில் பாதி எண்களாவது அங்கே இருக்கும்.

சுதந்திர நாடு என்று அறிவித்தவுடன் இந்த எண் கிடைத்துவிடுவதில்லை. கொசோவோவின் அனுபவம் இதற்கு நல்ல சான்று. 2008 இல் சுதந்திரப் பிரகடனம் செய்த பிறகும் பல ஆண்டுகளுக்கு அதற்கென்று எண் இல்லை. அங்குள்ள ஒரு வலையமைப்பு மொனாக்கோவின் எண்ணையும் இன்னொன்று சுலோவேனியாவின் எண்ணையும் இரவல் வாங்கி நடத்தின. கொசோவோக் கிராமவாசி ஒருவர் வெளிநாடு போனால், அங்குள்ள டவர் அவரை மொனாக்கோச் சந்தாதாரர் என்றே எடுத்துக்கொள்ளும். 2016 இன் இறுதியில்தான் 383 என்ற தொலைபேசிக் குறியீடு ஒதுக்கப்பட்டது. சிம்முக்கான 221 உம் கிடைத்தது. வலையமைப்பு ஒருவருடைய பிறப்பையோ குடியுரிமையையோ பார்ப்பதில்லை. அவர் கையில் உள்ள அட்டையை எந்த நாட்டு எண்ணின் கீழ் வெளியிட்டார்கள் என்பதை மட்டுமே பார்க்கிறது.

தொலைபேசி எண் போதாதா?

94 என்று தொடங்கினால் இலங்கை, 974 என்று தொடங்கினால் கட்டார் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே, அதை வைத்தே நாட்டைக் கண்டுபிடித்துவிடலாமே என்று வாசகர் கேட்கலாம். இரண்டு காரணங்களால் அது முடியாது.

முதலாவது, அந்த எண் நாட்டைத் திட்டமாகச் சொல்வதில்லை. கனடாவும் அமெரிக்காவும் கரீபியன் தீவுகள் பலவும் 1 என்ற ஒரே குறியீட்டைப் பகிர்ந்துகொள்கின்றன. ரஷ்யாவும் கஸகஸ்தானும் 7 ஐப் பகிர்கின்றன. இ.212 முறையிலோ கனடாவுக்கு 302, அமெரிக்காவுக்கு 310 முதலான தனி எண்கள். கலப்புக்கு இடமில்லை.

இரண்டாவது, புதிதாக ஒரு போன் வந்து நிற்கும்போது டவருக்கு அதன் தொலைபேசி எண் தெரியாது. 077 என்றும் 071 என்றும் நாம் மனப்பாடம் செய்து வைத்திருக்கும் எண், தாய் நிறுவனத்தின் பதிவேட்டில் சந்தாதாரரின் பெயரோடு கட்டி வைக்கப்பட்ட ஒன்று. சிம் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வது ஐ.எம்.எஸ்.ஐ. எண்ணால்தான். சிம் தொலைந்தால் பழைய தொலைபேசி எண்ணையே புதிய சிம்மில் வாங்கிக்கொள்ள முடிவதும் இதனால்தான். உள்ளே இருக்கும் எண் மாறிவிடும். வெளியே நாம் கொடுக்கும் எண் மாறாது.

சிம் அட்டையின் முதுகைத் திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில் நீண்ட எண் ஒன்று அச்சிடப்பட்டிருக்கும். இலங்கைச் சிம் என்றால் அது 8994 என்று தொடங்கும். 89 என்பது இது தொலைத்தொடர்பு அட்டை என்பதற்கான உலகப் பொது அடையாளம். 94 நமது நாட்டுக் குறியீடு. இது அட்டை என்ற பொருளுக்குரிய தொடரெண். கடைக்காரர் பதிவு செய்யும்போது வாசிப்பது இதைத்தான். டவர் வாசிக்கும் 413 அட்டையின் மேல் எங்கும் அச்சிடப்படுவதில்லை. அது சில்லுக்குள் இருக்கிறது.

காத்தான்குடியில் ஒரு கட்டார் சிம்

விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் முதலில் போய் நிற்கிற இடங்களில் போன் கடையும் ஒன்று. காத்தான்குடிப் பிரதான வீதியில் இப்படியொரு பேச்சை எவரும் கேட்டிருக்கலாம்.

“நானா, இது கட்டார் சிம்தானே. இஞ்ச எப்பிடி கோல் வருது?”

“ரோமிங் தம்பி. மேல ‘ஆர்’ எண்டு ஒரு எழுத்துக் காட்டுதா? கோல் வந்தா எடுக்காதீங்க, காசு போகும். பேங்க் மெசேஜ் மட்டும் வந்தாக் காணும்.”

கடைக்காரர் சொன்னது சரியான புத்திமதி. அதற்குப் பின்னால் நடந்ததைப் படிப்படியாகப் பார்ப்போம்.

டவர்கள் ஒருபோதும் சும்மா இருப்பதில்லை. யாரும் பேசாத நள்ளிரவிலும் ஒவ்வொரு டவரும் தன் நாட்டு எண்ணையும் நிறுவன எண்ணையும் இடைவிடாமல் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கிறது. போனைத் திறந்ததும் அது முதலில் இந்த ஒலிபரப்புகளைக் கேட்கிறது. சிம்மில் உள்ளது 427 01. காற்றில் கேட்பது 413 01, 413 02, 413 08. நாட்டு எண்ணே பொருந்தவில்லை. தாய் வலையமைப்பு இங்கே இல்லை என்று போன் அந்தக் கணமே தெரிந்துகொள்கிறது. திரையில் ‘ஆர்’ எழுத்து வருவது இதனால்தான். எந்த நாட்டுக்குப் போனால் எந்த நிறுவனத்தை முதலில் நாட வேண்டும் என்ற பட்டியல் ஒன்றும் சிம்முக்குள் எழுதப்பட்டிருக்கும். அதன்படி ஒரு டவரைத் தெரிந்து, தன் ஐ.எம்.எஸ்.ஐ. எண்ணைச் சொல்லி இடம் கேட்கிறது.

இப்போது இலங்கை நிறுவனத்தின் முறை. வந்த எண்ணின் முதல் ஐந்து இலக்கங்களை அது பார்க்கிறது. 427 என்றால் கட்டார், 01 என்றால் ஊரிடூ. அந்த நிறுவனத்தோடு ரோமிங் உடன்படிக்கை இருக்கிறதா என்று தன் அட்டவணையைப் பார்க்கிறது. இருந்தால், தோஹாவில் உள்ள தாய்ப் பதிவேட்டுக்குச் செய்தி அனுப்ப வேண்டும். எச்.எல்.ஆர். என்று சொல்லப்படும் அந்தப் பதிவேடுதான் ஒவ்வொரு சந்தாதாரரும் கடைசியாக எங்கே காணப்பட்டார் என்பதை வைத்திருப்பது.

செய்தி தோஹாவுக்குப் போகும் வழியிலேயே ஒரு நுட்பம் இருக்கிறது. நாடுகளுக்கிடையிலான தொலைபேசிப் பாதைகள் 427 என்ற எண்ணை அறியா. அவை அறிந்தவை 974 போன்ற பழைய நாட்டுக் குறியீடுகளையே. ஆகவே இலங்கை நிறுவனம் 427 ஐக் கழற்றிவிட்டு 974 ஐப் போடுகிறது. 01 ஐக் கழற்றிவிட்டு அந்த நிறுவனத்துக்குரிய தொலைபேசிக் குறியீட்டைப் போடுகிறது. சந்தாதாரரைக் குறிக்கும் மீதி இலக்கங்களை அப்படியே பின்னால் சேர்க்கிறது. இப்படிப் பிறக்கும் புதிய எண்ணே செய்தியின் விலாசம். டயலொக் சிம்மோடு ஒருவர் தோஹாவில் இறங்கினால் இதே வேலை எதிர்த்திசையில் நடக்கும்: 413 02 போய், 94 77 வரும். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் இ.214 என்ற பரிந்துரை இந்த மாற்றீட்டுக்கென்றே எழுதப்பட்டது. நான்காம் தலைமுறை வலையமைப்புகளில் இந்த மாற்றீடு தேவையில்லை. நாட்டு எண்ணையும் நிறுவன எண்ணையும் உள்ளடக்கிய ஒரு பெயரே விலாசமாகிவிடுகிறது. முறை மாறினாலும் வழிகாட்டுவது அதே ஐந்து இலக்கங்கள்தான்.

தோஹா உடனே நம்பிவிடுவதில்லை. சிம்முக்குள்ளும் தாய் நிறுவனத்திடமும் மட்டுமே இருக்கும் ஓர் இரகசியச் சாவி உண்டு. அது எந்தக் காலத்திலும் காற்றில் அனுப்பப்படுவதில்லை. தோஹா ஓர் எழுந்தமான எண்ணையும், அந்தச் சாவியால் கணக்கிட்டால் வரவேண்டிய விடையையும் இலங்கைக்கு அனுப்புகிறது. இலங்கை நிறுவனம் எண்ணை மட்டும் சிம்முக்குக் கொடுத்து விடை கேட்கிறது. சிம் சொன்ன விடையும் தோஹா சொன்ன விடையும் ஒன்றானால், வந்தவர் உண்மையானவர். சாவி என்ன என்பது இலங்கை நிறுவனத்துக்குக் கடைசிவரை தெரியாது.

அதன் பிறகு தோஹாப் பதிவேட்டில் இவர் இலங்கையில் இருப்பதாக எழுதப்படுகிறது. இலங்கையில் வி.எல்.ஆர். என்னும் வருகையாளர் பதிவேட்டில் இவருக்குத் தற்காலிகமாக ஓர் இடம் கிடைக்கிறது. ‘இலங்கைக்கு நல்வரவு’ என்று கட்டார் நிறுவனத்திடமிருந்து குறுஞ்செய்தி வருவது அதற்குப் பிறகுதான்.

கடைக்காரர் ‘காசு போகும்’ என்று எச்சரித்ததன் காரணமும் இதிலேயே இருக்கிறது. அடுத்த வீட்டிலிருந்து உம்மா அந்தக் கட்டார் எண்ணுக்கு அழைத்தால், அழைப்பு முதலில் தோஹாவுக்குத்தான் போகும். எண் 974 இல் தொடங்குவதால் உம்மாவின் நிறுவனத்துக்கு வேறு வழி தெரியாது. தோஹா தன் பதிவேட்டைப் பார்த்து, இவர் இலங்கையில் இருக்கிறார் என்று அறிந்து, அழைப்பைத் திரும்ப இங்கே அனுப்பும். மதில் ஒன்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்து பேசும் இருவரின் குரல் கடல் கடந்து போய்த் திரும்பி வருகிறது. போகும் வழிக்கு உம்மாவும் திரும்பும் வழிக்கு மகனும் காசு கட்டுகிறார்கள்.

ஆரம்பக் காலத்தில் மாதாந்தப் பில் கட்டுகிறவர்களுக்கு மட்டுமே ரோமிங் கிடைத்தது. முற்கொடுப்பனவுச் சிம்மில் எவ்வளவு காசு மீதி இருக்கிறது என்பது தாய் நிறுவனத்துக்கு மட்டுமே தெரியும். அந்நிய நாட்டில் பேசப் பேச அதைக் கழிக்க வழி இருக்கவில்லை. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் உருவான கேமல் என்ற முறை, ஒவ்வோர் அழைப்புக்கும் முன்னர் தாய் நிறுவனத்திடம் அனுமதி கேட்கும் வழியைத் திறந்தது. வளைகுடாவில் கூலிக்கு உழைக்கும் நம்மவர்களில் பெரும்பாலானோர் முற்கொடுப்பனவுக்காரர்கள். ரோமிங் என்ற வசதி அவர்கள் கைக்கு வந்தது அதன் பிறகே. இன்று அவர்கள் விடுமுறையிலும் அந்தச் சிம்மைக் கழற்றாமல் வைத்திருப்பது பேசுவதற்காக அல்ல. வங்கியிலிருந்து வரும் ஒருமுறைக் கடவு எண்ணுக்காக.

போர்நிறுத்தம், பிறகு கடல்

2002 பெப்ரவரி 22 இல் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தான பின்னரே வடக்குக் கிழக்கில் கைத்தொலைபேசி பரவலாகக் காலூன்றியது. வாவிக்குக் கிழக்கே கடலோரமாக நீளும் எழுவான்கரையில் நகரமும் கடைத்தெருக்களும் இருந்தன. வாவிக்கு மேற்கே வயலும் காடுமாக விரியும் படுவான்கரையின் பெரும்பகுதி அப்போது விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. ஒரே மாவட்டத்துக்குள் வாவியே எல்லையாக நின்ற காலம் அது. புதிய தொழில்நுட்பமும் கரை பார்த்தே வந்தது. கிழக்குக் கரைக்கு முதலில், மேற்குக் கரைக்குப் பிந்தி.

2004 டிசம்பர் 26 ஞாயிறு காலை கடல் ஊருக்குள் வந்தது. நாவலடி, டச்பார், கல்லடி, காத்தான்குடி, தெற்கே கல்லாறு, கல்முனை என்று கரையோரம் முழுவதும் அழிந்தது. அந்த நாட்களில் நாட்டு எண்ணுக்கு எவரும் எதிர்பாராத ஒரு பயன் கிடைத்தது. நத்தார் விடுமுறைக்கு வந்திருந்த வெளிநாட்டவர் ஆயிரக்கணக்கில் தீவின் கரைகளில் இருந்தார்கள். அவர்களுடைய பெயர்ப் பட்டியல் எவரிடமும் முழுமையாக இருக்கவில்லை. வருகையாளர் பதிவேடுகளில் மட்டும் அவர்களின் சிம்கள் இருந்தன. 413 இல் தொடங்காத எண்களைப் பிரித்தெடுத்தால் போதும். நாட்டில் உள்ள அந்நியக் கைத்தொலைபேசிகள் எல்லாம் நாடு வாரியாக வரிசையில் வந்து நிற்கும். அப்படி ரோமிங்கில் இருந்த போன்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பி உரியவர்களைத் தேடும் முயற்சி நடந்தது. பணம் வசூலிப்பதற்காக அமைத்த எண்முறை உயிரோடு இருப்பவரைத் தேடவும் உதவியது.

நிவாரணப் பணியாளர்களின் கைகளில் அப்போது இன்னொரு வகைப் போனும் இருந்தது. அதன் சிம் 901 என்று தொடங்கும். 901 எந்த நாட்டுக்கும் உரியதல்ல. துராயா, இரிடியம், இன்மார்சாட் போன்ற செய்மதிச் சேவைகளுக்கென்று ஒதுக்கப்பட்ட பொது எண் அது. தரையில் டவர்கள் சாய்ந்து கிடந்தபோதும் அவை வானத்தை நம்பி வேலை செய்தன.

மறைக்க முடியாத பகுதி

ஐ.எம்.எஸ்.ஐ. எண்ணைக் காற்றில் சொல்வதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. பொய் டவர் ஒன்றை நிறுத்திவைத்து, அருகே போகிறவர்களின் எண்களைத் திருட முடியும். ஆட்களின் நடமாட்டத்தைப் பின்தொடர முடியும். இதைக் குறைக்கவே முதல் அறிமுகத்துக்குப் பின்னர் டவர் ஒரு தற்காலிக எண்ணைக் கொடுத்து, அதனாலேயே போனைக் கூப்பிடுகிறது. ஐந்தாம் தலைமுறை இன்னும் ஒரு படி மேலே போய், முதல் அறிமுகத்திலேயே சந்தாதாரரின் பகுதியைத் தாய் நிறுவனம் மட்டுமே திறக்கக்கூடிய பூட்டுக்குள் வைத்து அனுப்ப வழி செய்தது.

ஆனால் அங்கேயும் நாட்டு எண்ணும் நிறுவன எண்ணும் திறந்தபடியே போகின்றன. கடிதத்தை உறைக்குள் போட்டு ஒட்டலாம். விலாசத்தையும் உள்ளே போட்டு ஒட்டிவிட்டால் தபால்காரர் எங்கே கொண்டுபோவார்? ஆள் யார் என்பதை மறைத்தாலும் எந்த நாட்டு வாசலில் விசாரிப்பது என்பதை மறைக்க முடியாது. இந்த முறையின் அத்திவாரமே அந்த ஐந்து இலக்கங்கள்தான்.

சொந்த மண்ணில் இடமில்லை

இப்போது படுவான்கரைக்கு வருவோம். வவுணதீவு, பட்டிப்பளை, வெல்லாவெளிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், ஒரு நிறுவனத்தின் சிக்னல் மட்டுமே எட்டும் இடத்தில் இரண்டு பேர் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கட்டாரிலிருந்து வந்தவர், கையில் 427. மற்றவர் அந்தக் கிராமத்திலேயே பிறந்து வளர்ந்த விவசாயி. கையில் 413, ஆனால் டவர்காரர் அல்லாத வேறு நிறுவனத்தின் சிம்.

கட்டார் சிம்மை டவர் ஏற்றுக்கொள்ளும். அதன் தாய் நிறுவனத்துக்கு இலங்கையில் ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்களோடு உடன்படிக்கை இருந்தால், எது எட்டுகிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும். விவசாயியின் சிம்மை அதே டவர் வழக்கமாக மறுத்துவிடும். நாட்டு எண் பொருந்துகிறது, நிறுவன எண் பொருந்தவில்லை, உள்நாட்டு உடன்படிக்கை இல்லை. ‘இந்த வலையமைப்பில் அனுமதி இல்லை’ என்பதற்கான 11 ஆம் காரண எண்ணோடு பதில் வரும். போன் அந்த நிறுவனத்தைச் சிம்முக்குள் உள்ள தடைப் பட்டியலில் எழுதிவைத்துவிட்டு, இனித் தானாக அந்தப் பக்கம் போகாது. சாதாரண சிம்மில் அந்தப் பட்டியலில் நான்கு நிறுவனங்களை எழுத இடம் உண்டு. நம் நாட்டுப் போட்டியாளர் அனைவரையும் எழுத அது தாராளமாகப் போதும். விவசாயியின் திரையில் ‘அவசர அழைப்புகள் மட்டும்’ என்று வரும்.

இது தொழில்நுட்பத்தின் குறைபாடு அல்ல. தோஹாச் சிம்மை அடையாளம் கண்டு, சரிபார்த்து, கணக்கு எழுதிப் பணமும் பெற்றுக்கொள்ளத் தெரிந்த அதே கருவிகளுக்கு, 413 க்குள் இருக்கும் அயல் நிறுவனத்தின் சிம்மை ஏற்பது அதைவிட எளிய வேலை. நிறுவனங்கள் தத்தம் டவர்களைக் காட்டி ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன. டவர் கட்டச் செலவு செய்தவர் அதன் பலனை மற்றவருக்கு விட்டுக்கொடுக்கத் தயங்குவதும் விளங்கக்கூடியதே. சாதாரண நாட்களில் அந்த வாதத்துக்கு மதிப்புக் கொடுக்கலாம்.

அனர்த்த நாட்களில் அதற்கு மதிப்பு இல்லை. 1978 நவம்பர் சூறாவளியில் கம்பிகளெல்லாம் அறுந்து மட்டக்களப்பு உலகத்திலிருந்து துண்டிக்கப்பட்டதை இந்தத் தொடரின் முந்திய இதழ்களில் பார்த்தோம். 2011 ஜனவரி வெள்ளத்தில் படுவான்கரைக் கிராமங்கள் தீவுகளாயின. மின்சாரம் போனால் ஒரு டவரின் மின்கலம் சில மணித்தியாலங்களுக்கே தாங்கும். ஒரு நிறுவனத்தின் டவர் விழுந்து மற்றதன் டவர் நிற்கும்போது, நிற்கிற டவருக்குக் கீழே இருந்துகொண்டும் மகன் எங்கே என்று தாய் விசாரிக்க முடியாமல் தவிக்கக் கூடாது. அவசர எண்ணுக்கு அழைக்கலாம் என்பது மட்டும் போதாது. வெள்ளத்தில் மனிதர் முதலில் தேடுவது தம் ஆட்களைத்தான்.

செய்தவர்கள் இருக்கிறார்கள். 2012 இல் சாண்டிப் புயலுக்குப் பிறகு நியூயோர்க், நியூஜேர்சிப் பகுதிகளில் ஏ.டி. அண்ட் டி. நிறுவனமும் டி-மொபைலும் தங்கள் டவர்களை ஒன்றுக்கொன்று திறந்துவிட்டன. உக்ரைனில் போர் தொடங்கி, 2022 மார்ச்சில் நாட்டின் மூன்று பெரிய நிறுவனங்களும் உள்நாட்டு ரோமிங்கை இயக்கிவிட்டன. ஒன்று வீழ்ந்த இடத்தில் மற்றது தாங்கியது. கனடாவில் 2022 ஜூலை 8 அன்று ரோஜர்ஸ் வலையமைப்பு நாடளாவிய ரீதியில் செயலிழந்ததும், அரசாங்கத்தின் வற்புறுத்தலால் அந்த ஆண்டு செப்டம்பரில் நிறுவனங்கள் அவசரகால ரோமிங் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன.

இலங்கைத் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு இதை ஒரு நிலையான விதியாக வைத்திருக்க வேண்டும் என்பதே இந்த வரலாற்றைப் படித்த பிறகு எனக்குத் தோன்றும் முடிவு. ஒரு மாவட்டத்தில் அனர்த்தம் அறிவிக்கப்பட்ட நிமிடத்திலிருந்து, அங்குள்ள எல்லா டவர்களும் 413 இல் தொடங்கும் எல்லாச் சிம்களையும் ஏற்க வேண்டும். கணக்கை நிறுவனங்கள் பிறகு தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளலாம். அந்நிய நிறுவனங்களோடு நாள்தோறும் அதைத்தானே செய்கிறார்கள். ஒவ்வொரு மாரியிலும் வெள்ளத்தை எதிர்பார்க்கும் மாவட்டம் இது. வெள்ளம் வந்த பின்னர் கூட்டம் கூட்டிப் பேசி முடிவெடுக்கும் விடயமாக இது இருக்கக் கூடாது. இந்த மாரிக்கு முன்னர் எழுதிக் கையெழுத்திட்டு, கருவிகளில் ஏற்றி, ஒருமுறை ஒத்திகை பார்த்தும் வைக்க வேண்டும். பிரதேச சபைகளும் மீனவர் சங்கங்களும் கமநலச் சங்கங்களும் கேட்கத் தொடங்கினால் இது நடக்கும்.

அடுத்த வாரம்: ரீலோட் கார்ட் வாவிக்கரைப் பெட்டிக்கடைகளுக்கு வந்த கதை.

(தொடரும்)